முப்பத்தெட்டுக்குக் கீழே

கிளைவ் ட்ரெலோர் ஏர் கூலர் பழுதுபார்ப்பவர். வயது ஐம்பத்தேழு. எங்கள் சுரங்க ஊரான ப்ரோக்கன் ஹில்லில், கோடைக்காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அவருக்கு இருக்கும் மரியாதை மேயருக்குக்கூடக் கிடையாது. ஜூன் மாதத்தில் அவர் தெருவில் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டையும் அவர் ஒரே மாதிரிதான் எடுத்துக்கொள்வார். நாற்பத்து நான்கு டிகிரி வெயிலில் தகரக் கூரையிலிருந்து இறங்கி வருகிறவரிடம் "மேல எப்படி இருக்கு?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். "காஞ்சிருக்கு" என்பார். அதற்கு மேல் வெயிலைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவர் நெடுந்தூரம் ஓடுகிறவர். வேகமாக ஓடுகிறவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற ஒருவரைப் பற்றி எழுதினால் கடைசியில் அவர் ஜெயித்துவிடுவார் என்று படிப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். கிளைவ் எதிலும் ஜெயித்ததில்லை. விடாமல் வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

நான் அவரைச் சந்தித்தது டிசம்பரில் ஒரு பிற்பகல், மூன்று மணிக்கு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கடையில் அலமாரி அடுக்கும் வேலை மதியத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. ஓடலாம் என்று கிளம்பினேன். நான்காவது கிலோமீட்டரில், கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் சாலை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். எதிர்வீட்டுக் கூரையில் வேலை செய்துகொண்டிருந்தவர் அதைப் பார்த்துவிட்டு ஏணியில் இறங்கி வந்தார். அந்த வீட்டுத் தோட்டக் குழாயை இழுத்து என் தலைமேல் பிடித்தார். முதலில் வந்த தண்ணீர் சுட்டது. நான் கத்தினேன்.

"கொஞ்சம் பொறு. நல்ல தண்ணி பின்னால வந்துட்டிருக்கு" என்றார்.

வந்தது. அவர் குழாயைப் பிடித்தபடியே கேட்டார். "எத்தன மணிக்குக் கிளம்புன?"

"மூணுக்கு."

"ஏன் மூணு?"

"அப்பத்தான் எனக்கு வேல இல்ல."

அவர் யோசித்தார். "வெயிலுக்கும் அப்ப வேற வேல இருக்காது" என்றார். பிறகு என் பெயரைக் கேட்டார். டீகன் என்றேன். "டீகன், நாளைக்குக் காலைல நாலே முக்கால். ஆக்ஸைடு தெரு முனை. தொப்பி போட்டுட்டு வா. கைக்கடிகாரத்த வீட்ல வச்சிட்டு வா."

"கடிகாரம் எதுக்கு வேணாம்?"

"அதுக்கு வேர்க்காது. அது சொல்றத நம்பக் கூடாது."

அப்படித்தான் நான் கோடையில் ஓடக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று சொல்வதைவிட, அவர் பக்கத்தில் ஓடினேன் என்று சொல்வது சரி. கிளைவ் சொல்லித் தருகிற ஆள் இல்லை. முதல் பதினான்கு நாளும் நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகமாக ஓடினார். எனக்குப் பொறுக்கவில்லை. நான் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி வருவேன், நாய்க்குட்டி மாதிரி. பத்தாவது நாள் அவரிடம் கேட்டேவிட்டேன்.

"இப்படியே போனா எப்ப வேகமா ஓடுறது?"

"உடம்பு வெயிலப் பழகட்டும். ரெண்டு வாரம் ஆகும். அது பழகுறப்ப நீ குறுக்க பேசாத."

ஓடப் போகும் முன் குளியலறை எடைக் கருவியில் ஏறி நிற்பார். வந்த பின்னும் ஏறி நிற்பார். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவையும் தண்ணீராகத் திருப்பிக் குடிப்பார், உப்பு போட்டு. அதோடு வெஜிமைட் என்ற உப்புப் பசை தடவிய ரொட்டி இரண்டு. பிறகு ஆறரை மணிக்கு முதல் கூரையில் ஏறுவார். அவருடைய குளிர்பெட்டியில் நனைத்து உருட்டிய துண்டுகள் வரிசையாக உறைந்து கிடக்கும். அவர் மனைவி ரோன்டா பேக்கரியில் வேலை செய்கிறார். அந்தத் துண்டுகளைப் பற்றி அவருக்குக் கருத்து உண்டு.

"கறி வாங்கி வைக்க இடமில்ல. ஆனா துண்டு பன்னெண்டு இருக்கு. போன வாரம் ஒண்ண இறைச்சின்னு நெனச்சு வெளிய எடுத்து வச்சிட்டேன், தெரியுமா? சாயங்காலம் வரைக்கும் உருகட்டும்னு காத்துட்டிருந்தேன்."

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"முட்ட பொரிச்சோம்" என்றார் கிளைவ்.

அவர் ஓடும் பாதையைப் பார்த்தால் யாருக்கும் புரியாது. ஆக்ஸைடில் இறங்கி, குளோரைடில் பாதி தூரம் போய், ஒரு சந்தில் நுழைந்து, அயோடைடு தெருவில் வெளியே வந்து, வந்த வழியிலேயே கொஞ்சம் திரும்புவார். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது: அது குழாய்களை இணைத்துப் போட்ட பாதை. ஒவ்வொரு வீட்டிலும் கூலர் வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்காரரிடம், "முன்பக்கக் குழாய விடியக்காலைல தொட்டுக்கலாமா?" என்று கேட்டு வைத்திருந்தார். முப்பது வருடத்தில் ஊரில் நூற்றுப் பத்துக் குழாய்கள். எந்தக் குழாயில் தண்ணீர் குளிர்ச்சியாக வரும், எந்த வீட்டு நாய் கட்டியிருக்கும், எந்த வீட்டில் குழாயைத் திறந்தால் உள்ளே சுவர் முனகி ஆட்களை எழுப்பிவிடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு முறை தொப்பியை நனைத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். நானும் செய்வேன். பேசிக்கொள்ள மாட்டோம்.

இதெல்லாம் எதற்காக என்றால், மார்ச் மாதத்துக்காக.

கிளைவ் என்னைச் சேர்த்துவிட்ட எங்கள் ஊர் ஓட்டக் கிளப், மார்ச் முதல் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பழைய தண்ணீர்க் குழாய்த் தடத்தை ஒட்டிப் பதினெட்டு கிலோமீட்டர் ஓடும். பைப்லைன் ஓட்டம் என்று பெயர். இதை ஒரு வருடம்கூட விடாமல் இருபத்தைந்து முறை ஓடியவர்களின் பெயரை மட்டும் கிளப் அறையில் உள்ள பலகையில் எழுதுவார்கள். ஐம்பது வருடத்தில் அதில் ஏறியது இரண்டே பெயர்கள். கிளைவ் தொடர்ந்து இருபத்து நான்கு ஓடியிருந்தார். இந்த வருடம் இருபத்தைந்தாவது. அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் அந்தப் பலகையில் இரண்டாவது பெயருக்குக் கீழே இருந்த தூசியை அவர் துடைத்துக்கொண்டிருந்ததை நான் ஒருமுறை பார்த்தேன். மற்ற இடத்துத் தூசியை அவர் துடைக்கவில்லை.

ஒரு வருடம் தவறினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். இந்த விதியை நடத்துகிறவர் பெரில் நான்கிவெல். எழுபத்து நான்கு வயது, கிளப்பின் நேரக்கணக்கர். அவரும் ஒரு காலத்தில் ஓடினார். பத்து முறை தொடர்ந்து ஓடிவிட்டு, பதினொன்றாவது வருடம் ஓட்டத்தன்று மதியம் அவருக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. "ஆஸ்பத்திரில விடல" என்று இன்றைக்கும் சொல்வார். அவருக்கு யாரும் சலுகை தரவில்லை. அவரும் கேட்கவில்லை. அன்று பிறந்தவன் இப்போது அடிலெய்டில் பல் டாக்டர். அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரில், "நல்ல பையன்தான். நேரம்தான் பார்க்கத் தெரியல" என்பார்.

பைப்லைன் ஓட்டத்தில் கலந்துகொள்ள வேண்டுமென்றால், கோடையில் நடக்கும் பன்னிரண்டு செவ்வாய்க்கிழமை ஓட்டங்களில் குறைந்தது எட்டு ஓடியிருக்க வேண்டும். வெயில் பழகாத ஒருவர் பல வருடங்களுக்கு முன்பு பாதி வழியில் மயங்கி விழுந்து பிழைக்காமல் போனார். அதற்குப் பிறகு வந்த விதி அது. இன்னொரு விதியும் அப்போதுதான் வந்தது. மாலை ஐந்தே முக்காலுக்குப் பெரில் கிளப் வராந்தாவில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டரைப் பார்ப்பார். முப்பத்தெட்டோ அதற்கு மேலோ இருந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. இல்லாத ஓட்டம் யார் கணக்கிலும் சேராது.

இவ்வளவு வெயிலில் ஏன் மாலை ஆறு மணி என்று நான் கேட்டேன். சுரங்கத்தில் பகல் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக வைத்த நேரமாம். இப்போது கிளப்பில் சுரங்க வேலை செய்கிறவர் டாரில் ஒருவர்தான். அவருக்கு இரவு ஷிஃப்ட்.

அந்தக் கோடை மோசமான கோடை. பன்னிரண்டு செவ்வாயில் மூன்று ரத்து. மிச்சம் இருந்த ஒன்பதையும் நாங்கள் பதினான்கு பேரும் ஓடினோம். கிளைவ் ஒன்றைத் தவறவிட்டார். அன்று மாலை ஐந்து மணிக்கு முதியோர் இல்லத்தின் பெரிய கூலர் நின்றுவிட்டது. உள்ளே முப்பத்து நான்கு பேர். அவர் எட்டு மணி வரைக்கும் கூரையில் இருந்தார். அந்த முப்பத்து நான்கு பேரில் ஒருவர் பெரிலின் அக்கா. அக்கா கிளைவுக்கு நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டு ஒரு அட்டை அனுப்பினார். பெரில் அவர் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதினார்.

ஆக, கடைசிச் செவ்வாய் முடிந்தபோது கிளைவ் கையில் சரியாக எட்டு.

அன்றைக்கு எல்லோரும் கிளப் அறைக்குள் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்து சீஸும் கேரட்டும் துருவிப் போட்ட ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். பெரில் தகுதி பெற்றவர்களின் பெயர்களை வாசித்தார். கிளைவ் பெயர் வந்ததும் டாரில் மேஜையைத் தட்டினார்.

"பலகைக்குப் பெயிண்ட் வாங்கியாச்சா பெரில்? இவன் பேரு நீளம். சின்ன எழுத்தா எழுதுங்க. அடுத்து எனக்கும் இடம் வேணும்."

"உனக்கு இன்னும் பத்தொம்பது வருஷம் இருக்கு டாரில்."

"அதான் சொல்றேன், இப்பவே பிடிச்சு வைங்க."

நான் ஷூவைக் கழற்ற வராந்தாவுக்கு வந்தேன். கிளைவ் அங்கே தெர்மாமீட்டருக்குக் கீழே உள்ள ஆணியிலிருந்து தன் ஈரச் சட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்தவர் நகரவில்லை. கழுத்தின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கைக்குட்டைக் காகிதம் ஒன்றை எடுத்து, நீளமாகக் கிழித்து, கூரை விளிம்புக்கு அடியில் பிடித்தார். காகிதம் படபடத்தது. தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை.

"என்ன அது?" என்றேன்.

"காத்து."

"எங்கேர்ந்து?"

"என்கிட்டேர்ந்து" என்றார்.

ஜனவரி இரண்டாம் வாரம் கிளப் கூலர் கெட்டுப்போனபோது அவர்தான் வந்து சரிசெய்தார். கூரைமேல் உள்ள கூலர் பெட்டியிலிருந்து அறைக்குள் இறங்கும் தகரக் குழாயை மாற்றினார். அதன் ஒரு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை. அதன் வழியாகக் குளிர்ந்த காற்று கசிந்து, கூரை விளிம்பு வழியாகச் சுவரில் இறங்கி, நேராகத் தெர்மாமீட்டர் மேல் விழுந்துகொண்டிருந்தது. பெரில் ஐந்து மணிக்குக் கூலரைப் போடுவார். ஐந்தே முக்காலுக்குத் தெர்மாமீட்டரைப் பார்ப்பார்.

கிளைவ் வண்டியிலிருந்து வேறொரு தெர்மாமீட்டரை எடுத்துவந்து நான்கு அடி தள்ளிப் பிடித்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று மூன்று டிகிரி வித்தியாசம் காட்டின. நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். அவரும் அதையேதான் செய்திருப்பார். கசிவு தொடங்கிய பிறகு முப்பத்தாறரையில் ஒரு நாளும் முப்பத்தேழில் ஒரு நாளும் ஓடியிருந்தோம். அந்த இரண்டும் உண்மையில் முப்பத்தொன்பதரையும் நாற்பதும். இரண்டும் செல்லாத ஓட்டங்கள்.

"சொல்லாதீங்க" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். என்னுடைய ஒன்பது ஏழாகிவிடும் என்பதுதான் முதலில் தோன்றியது. அவருடைய எட்டு ஆறாகும் என்பது அதற்கப்புறம்தான். இதை எழுதும்போது மாற்றிச் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் நடந்தது அதுதான்.

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, "நல்லா பொருந்திச்சுன்னு நெனச்சேன்" என்றார். மூட்டைப் பற்றிச் சொன்னார்.

மறுநாள் காலை நாங்கள் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடினோம். அதற்கடுத்த நாளும். இரண்டு நாளும் அவர் வழக்கம்போலவே தொப்பியை நனைத்தார். இரண்டாம் நாள், மூன்றாவது குழாயில் நான் திரும்பவும் ஆரம்பித்தேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் ஓடி முடிச்சிட்டோம். இனிமே சொல்லி என்ன பிரயோஜனம்?"

"ஓட்டத்தன்னைக்கும் அதே தெர்மாமீட்டரத்தான் பார்ப்பாங்க."

"அப்ப கசிவ மட்டும் அடைச்சிடுங்க. அன்னைக்கு சரியா காட்டும். பழசு எதுக்கு?"

"ம்" என்றார். அது நல்ல யோசனை என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய், கூரையில் ஏறி, மூட்டைப் பிரித்து, ரிவெட் ஆணி அடித்து, காற்றுப்புகாமல் பூசிவிட்டு இறங்கினார்.

எங்கள் கிளப் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டுப் புத்தகம் ஆணியில் தொங்கும். யார் என்ன பழுது பார்த்தாலும் அதில் எழுத வேண்டும். ஒரு பல்பு மாற்றினாலும் எழுத வேண்டும். 'ஆண்கள் கழிப்பறை, தாழ்ப்பாள், திருகு ஒன்று இறுக்கப்பட்டது' என்றெல்லாம் இருக்கும். முப்பது வருடமாகக் கூலர் பக்கங்கள் முழுக்கக் கிளைவின் கையெழுத்துதான். அவர் எழுதினார்: 'கூலர் குழாய் மூட்டில் கசிவு. அடைக்கப்பட்டது. ஜனவரியில் என் வேலையில் நேர்ந்த தவறு. வராந்தா தெர்மாமீட்டர் அன்றிலிருந்து மூன்று டிகிரி குறைவாகக் காட்டியுள்ளது.' கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

பின்னால் நான் அவரிடம், "முதல் வரியோட நிறுத்தியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"அடுத்த ஆளு கூரையேறும்போது என்ன ஆச்சுன்னு தெரியணும்ல."

"அடுத்த ஆளும் நீங்கதானே கிளைவ்."

"அதனாலதான்" என்றார்.

பெரில் அந்த நோட்டை ஒவ்வொரு சனிக்கிழமையும் படிப்பார். அதைப் படிக்கிற ஒரே ஆள் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் எல்லோருக்கும் ஒரே செய்தி வந்தது: இரண்டு ஓட்டங்கள் நீக்கப்படுகின்றன. யாரும் தகுதி பெறவில்லை. விதிப்படி, ஓட்டத்துக்கு முந்தைய வாரத்தில் செவ்வாயும் வியாழனும் ஈடு ஓட்டங்கள் வைக்கலாம். மாலை ஐந்தே முக்காலுக்குத் தெர்மாமீட்டர் பார்க்கப்படும்.

எங்களுக்கு ஒன்று போதும். கிளைவுக்கு இரண்டும் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை டாரில் கிளைவைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"வாய்யா ஹரிச்சந்திரா. உன் பேரைப் பலகைல எழுதச் சொன்னா, நீ போய் நோட்டுல எழுதியிருக்க!"

"கசிவு அடைச்சாச்சு" என்றார் கிளைவ்.

"உன் வாய்க்கும் ரெண்டு ரிவெட் அடிச்சிருக்கலாம்."

அன்று முப்பத்தேழு புள்ளி இரண்டு. ஓடினோம். பத்துக் கிலோமீட்டரும் தார் ஷூவில் ஒட்டிக்கொண்டே வந்தது. எங்கள் பதினான்கு பேருக்கும் எட்டு ஆனது. கிளைவுக்கு ஏழு.

வியாழக்கிழமை யாரும் வரத் தேவையில்லை. பதினான்கு பேரும் வந்திருந்தார்கள். ரோன்டாவும் பேக்கரியிலிருந்து நேராக வந்து, கார் பானெட்டில் சாய்ந்து நின்று குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தார். தென்மேற்கிலிருந்து காற்று மாறும், மாலைக்குள் வெயில் உடையும் என்று வானொலியில் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்குத் தெர்மாமீட்டரில் நாற்பத்தொன்று. ஐந்தரைக்கு முப்பத்தொன்பதரை. அடிவானத்தில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம். கிளைவ் மட்டும் படியில் உட்கார்ந்து ஷூவுக்குள் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்து நாற்பதுக்கு டாரில் ஐஸ் பெட்டியின் மூடியை எடுத்துத் தெர்மாமீட்டருக்கு விசிற ஆரம்பித்தார்.

"டாரில், மூடியக் கீழ வை" என்றார் பெரில்.

"எனக்கு வேர்க்குது பெரில், எனக்கு விசிறிக்கிறேன்."

"நீ அந்தப் பக்கம் நிக்கிற. மூடி இந்தப் பக்கம் இருக்கு."

"விடு டாரில். கண்ணாடிக்கு விசிறினா எறங்காது. ஈரத்துணி சுத்தணும்" என்றார் கிளைவ். அது ஆலோசனையா இல்லையா என்று டாரிலுக்கு ஒரு கணம் புரியவில்லை. சுற்றும்முற்றும் துணி தேடினார். பிறகு மூடியைக் கீழே வைத்தார்.

ஐந்தே முக்காலுக்குப் பெரில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார் என்று ரோன்டா பின்னால் சொன்னார். "முப்பத்தெட்டு புள்ளி நாலு" என்றார். "இன்னைக்கு ஓட்டம் இல்ல." நோட்டில் எழுதி மூடினார்.

யாரும் கிளம்பவில்லை. குச்சி ஐஸ் தீரும்வரை நின்றோம். ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் காற்று மாறியது. முதலில் கலா கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு போயின. பிறகு தெருக்கோடியில் ஒரு கூரைத் தகடு அடித்துக்கொள்ளும் சத்தம். பிறகு தூசி. கண்ணைத் திறந்தபோது கைகளில் சிலிர்ப்பு. தெர்மாமீட்டரில் இருபத்தெட்டு.

"பெரில்! இங்க வந்து பாருங்க, இருபத்தெட்டு!" என்று டாரில் கத்தினார்.

"தெரியுது."

"இருபத்தஞ்சு நிமிஷம்தானே?"

"எனக்கும் நாலு மணி நேரத்துலதான் போச்சு, அந்தப் பையன் கொஞ்சம் பொறுத்திருந்தா ஓடியிருப்பேன்" என்றார் பெரில். அவர் குரலில் கோபமில்லை.

கிளைவ் எழுந்து ஷூ நாடாவை இரண்டு முடிச்சாகப் போட்டார். தொப்பியை நனைக்க வேண்டியிருக்கவில்லை; பழக்கத்தில் நனைத்தார். பிறகு சாலையில் இறங்கி ஓட ஆரம்பித்தார். நாங்களும் போனோம். பத்து கிலோமீட்டர், பதினைந்து பேர், எதிர்க்காற்று, வாய் நிறைய மண். கோடை முழுவதும் நான் ஓடியதில் அதுதான் சுகமான ஓட்டம். அது எந்தக் கணக்கிலும் இல்லை.

திரும்பி வந்தபோது பெரில் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்டாப்வாட்ச் மேஜைமேல் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. "நான் யாரையும் எண்ணல" என்றார். அதற்குப் பக்கத்தில் எலுமிச்சை சர்பத் ஊற்றி வைத்திருந்தார். டம்ளர்கள் சரியாகப் பதினைந்து இருந்தன.

சனிக்கிழமை இருபத்தொன்பது டிகிரி. பைப்லைன் ஓட்டத்தில் ஓடாதவர்களுக்கும் பெரில் வேலை கொடுப்பார். கிளைவுக்கு ஒன்பதாவது கிலோமீட்டரில் தண்ணீர்த் தொட்டி. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர் பழைய துண்டுகளை ஐஸ் தண்ணீரில் முக்கிப் பிழிந்து தயாராக வைத்திருந்தார். ரோன்டாவின் குளிர்பெட்டியில் இருந்தவைதான். வருகிற ஒவ்வொருவர் கழுத்திலும் ஒன்று போட்டார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். நின்றால் அழுதுவிடுவேன் போல இருந்தது, ஆனாலும் நின்றேன்.

"உங்களுக்கு இருபத்தஞ்சு ஆகியிருக்கும்" என்றேன்.

"உனக்கு இன்னைக்கு ஒண்ணு. எனக்கு சைபர்" என்றார். "நீ எனக்கு ஒரு வருஷம் சீனியர். நிக்காத, போ."

அடுத்த கோடையில் ஆரம்பித்தால் இருபத்தைந்தாவது ஓட்டம் வரும்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது. அதை அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு ரோன்டா சொல்லித்தான் தெரியும். "எம்பத்திரண்டுல கூரையேற முடியாது, அதனால அந்த வருஷம் செவ்வாக்கெழம தவறாதுன்னு சொல்றாரு" என்றார் ரோன்டா. "இந்த ஆளுகிட்ட நான் என்னன்னு பேசுறது?"

ஓட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கால் இரண்டும் மரக்கட்டையாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று காலை நாலே முக்காலுக்கு ஆக்ஸைடு தெரு முனைக்குப் போனேன். அவர் அங்கே நின்று தெருவிளக்கு வெளிச்சத்தில் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"மெதுவாத்தான் போகணும். நீ நேத்து ஓடியிருக்க" என்றார்.

முதல் குழாயில் தண்ணீர் குளிர்ச்சியாக வந்தது.